ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு மாடு

ஸகியா ஒட்டினால் கோணாது என்று கிடங்கில் பேச்சு. தன் ஊரான சித்ராவில் அவள் பேசி முடித்துவைத்த கல்யாணங்களைக்கூட, "ஸகியா ஒட்டினது, பிரியாது" என்றுதான் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேலை ஸல்மாபாத் கிடங்கின் பின்கட்டில், ஏஸி ஒழுகும் ஒரு நீள அறையில். கப்பலில் வந்து இறங்குகிற எந்த டப்பாவும் அரபி ஸ்டிக்கர் ஒட்டாமல் பஹ்ரைனில் ஒரு கடைக்கும் போக முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, என்றைக்குச் செய்தது, என்றைக்குக் கெடும், யார் இறக்கினார்கள் என்று நாலு வரி. டப்பாவின் மேல் அது பிறந்த ஊர் எழுத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாங்குகிறவர்கள் படிப்பது அந்த நாலு வரியைத்தான். அதை ஒட்டுகிற அறைக்கு ஸகியா தலைவி. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள்.

புருஷன் ராதி கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட வருஷம் அவள் வேலைக்கு வந்தாள். வயது இருபத்தெட்டு, மூன்று பிள்ளைகள். முதல் நாள் ஒட்டிய நாற்பது டப்பாவையும் அன்றைய மேற்பார்வையாளன் திருப்பித் தள்ளினான். கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி ஒட்டினாள். இரண்டாவது வாரத்தில் அவளுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. டப்பாவின் படத்தைப் பார்த்தால் கை தயங்குகிறது. விளிம்பை மட்டும் பார்த்தால் கை தானாகப் போகிறது. அன்றிலிருந்து அவள் படம் பார்த்ததில்லை. தலைவியான பிறகு தன் கீழே வந்தவர்களுக்கும் அதையே ஓதினாள்.

"படத்தைப் பாக்காதீங்கடி. பிஸ்கட் படத்தைப் பாத்தா பசிக்கும், குழந்தை படத்தைப் பாத்தா வீட்டு ஞாபகம் வரும். ஓரத்தைப் பாத்து ஒட்டுங்க. படம் பாக்க சினிமாக் கொட்டகைக்குப் போங்க."

அன்று முஹர்ரம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. இரண்டு நாள் அரசு விடுமுறை, அதற்கடுத்து வெள்ளி. சனிக்கிழமைதான் கிடங்கு திறக்கும். ஸகியா காலையில் கறுப்பு உடுத்தி, மாத்தத்துக்குக் கொண்டுபோகப் பால் பலகாரம் தயாரா என்று பார்க்கச் சமையலறைக்குள் நுழைந்தாள். முஹர்ரம் துக்கம் காக்கும் அசூரா நாட்களில் ஊரே கூடி அழுகிற மண்டபத்துக்குப் பேர்தான் மாத்தம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வெறுங்கையோடு அங்கே யாரும் போவதில்லை.

மருமகள் இல்ஹாம் முப்பது கிண்ணங்களில் பலகாரத்தை ஊற்றி ஆறவைத்திருந்தாள்.

"மாமி, நீங்க கொண்டாந்த சோயா மாவு இவ்வளவு நல்லா இருக்கும்னு நினைக்கவே இல்ல. பசும்பால் மாதிரியே திரண்டு வந்துச்சு. வாசனையும் அதே வாசனை."

ஸகியா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. நசுங்கின டப்பாக்களை வேலைசெய்கிறவர்களே வீட்டுக்கு எடுத்துப்போகலாம். திங்கட்கிழமை அப்படி ஒரு சோயாப் பால்பொடி டப்பாவை அவள் கொண்டுவந்திருந்தாள். போன வருஷமும் ஒன்று கொண்டுவந்தாள். அதில் பச்சைப்பயறு வாசனை அடித்து ராதி கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"டப்பா எங்க?"

"வெந்நீர்ல ஊறுது. உலர்ந்த எலுமிச்சை போட்டு வைக்கலாம்னு ஸ்டிக்கரைக் கழட்டப் போட்டேன்."

தொட்டிக்குள் ஸ்டிக்கர் பாதி கழன்று நீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஸகியா மீதியைக் கட்டைவிரல் நகத்தால் உரித்தாள். கீழே, கட்டைவிரல் அகலத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு மாடு நின்றது.

அந்தப் பால்பொடிக் கம்பெனி இரண்டு சரக்கு அனுப்பும். இரண்டும் ஒரே நீல டப்பா, ஒரே உயரம், ஒரே மூடி. ஒன்று மாட்டுப்பால், இன்னொன்று மாட்டுப்பால் ஆகாத குழந்தைகளுக்கான சோயா. முதலாவதில் மாடு போட்டிருக்கும், மற்றதில் அவரைக்காய் மாதிரி ஒரு காய். மற்ற இடமெல்லாம் டப்பா வளையம் வளையமாக மேடுபட்டிருப்பதால் ஸ்டிக்கர் உட்காரத் தோதான தட்டை இடம் அந்தப் படத்தின் மேல்தான். அங்கேதான் ஒட்டச் சொல்லி அவளே கோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாக ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் சோதனைக்காகப் பிரித்துத் திரும்ப அடுக்கிய சரக்கு அது. சோயாப் பெட்டி மொத்தமே ஆறு, பெட்டிக்குப் பன்னிரண்டு டப்பா. பிரித்து அடுக்கின கூலியாள் எவனோ ஒரு சோயாப் பெட்டிக்குப் பதில் மாட்டுப்பால் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறான். அது அவன் பிழை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் ஸகியா. அன்றைக்குப் பெண்களெல்லாம் மூன்று மணி மாத்தத்துக்குப் போக வேண்டும் என்று தவித்தார்கள். அவளும்தான் தவித்தாள். முதல் பெட்டியை மட்டும் திறந்து பார்த்தாள், காய் இருந்தது, "ஒட்டுங்கடி, ஓடலாம்" என்றாள். ஒட்டினவர்கள் படம் பார்க்கவில்லை. அவள்தானே பார்க்கக்கூடாது என்று பழக்கினாள்.

சோயாப் பாலை ஆசைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். மாட்டுப்பால் ஆகாத பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டுமே வாங்குவார்கள். ஸகியா ஈர ஸ்டிக்கரைப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

"இல்ஹாம், பலகாரத்தை நீயே கொண்டு போ. நான் வரல."

"என்ன மாமி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"போடி, கேக்காதே."

முதலில் மேனேஜர் நாதிருக்குப் போன் செய்தாள். பதின்மூன்றாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். சனிக்கிழமை காலையில வேனை அனுப்பி, எண்ணிக்கை தப்புன்னு சொல்லித் திரும்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க, உம் ஜவாத்."

"சனிக்கிழமையா? நடுவுல மூணு நாள் இருக்கு. குழந்தைங்க குடிக்கிற சாமான்."

"ஒரு பெட்டி. பன்னெண்டு டப்பா. அதுல ஒண்ணு உங்க வீட்டுப் பலகாரமாச்சு. மிச்சம் இன்னும் அலமாரியிலதான் நிக்கும். இது வெளிய போனா அந்தக் கம்பெனி நம்மகிட்ட இருந்து ஏஜென்சியைப் பிடுங்கி வேறொருத்தனுக்குக் கொடுத்துடும். அப்புறம் ஒட்டறதுக்கு உங்களுக்கு டப்பாவும் இருக்காது, ரூமும் இருக்காது. புரியுதா?"

புரிந்தது. ஜவாதுக்கு அம்மா, அதாவது உம் ஜவாத் ஆன அவளுக்கு இன்னும் கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு மகளும், இடுப்பொடிந்த புருஷனும் இருந்தார்கள். போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே போனில் ஃபாதிலின் நம்பரை அழுத்தினாள். கிழக்கும் மேற்குமாகக் கடைகளுக்கு வேனில் சரக்குப் போடுகிறவன் அவன், அடுத்த தெருக்காரன். அவள் டப்பா எடுத்த அந்த ஒரு சோயாப் பெட்டிதான் அவன் வேனில் ஏறியது.

ஃபாதில் மாத்தத்தின் பெரிய அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த கையோடு வந்து சேர்ந்தான். சட்டை முழுக்கக் கரியும் புகையும். ஊரில் எந்தத் துக்கத்துக்கும் வாயடங்காதவன்.

"உம் ஜவாத், ஒன்பதாம் நாள் அரிசியை அடுப்புல விட்டுட்டு வந்திருக்கேன். அடிபிடிச்சா மொத்த சித்ராவும் என்னைத் திட்டும். என்னவாம் அவ்வளவு அவசரம்?"

அவள் உரித்த டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவன் மாட்டைப் பார்த்தான், அவள் வைத்திருந்த ஈர ஸ்டிக்கரைப் பார்த்தான். வாயடங்கியது. வேனுக்குள் குதித்து டெலிவரிக் காகிதங்களைப் புரட்டினான்.

"ஸார் ஊர்ல இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு எட்டு. கர்ஸக்கான் கோல்ட் ஸ்டோருக்கு மூணு. அவ்வளவுதான்."

"எட்டும் மூணும் பதினொண்ணு. வீட்டுல ஒண்ணு. சரியாப் போச்சு. ஓட்டு."

போகிற வழியில் கிடங்கில் நிறுத்தி, மீதி ஐந்து பெட்டிகளையும் ஒதுக்கி வைத்துப் பூட்டும்படி காவல்காரரிடம் சொன்னாள். அந்தப் பத்து நிமிஷம் அவளுக்குப் பத்து வருஷமாகப் பட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் எட்டு டப்பாவும் கீழ்த்தட்டில் வரிசையாக நின்றன. ஸகியா எண்ணினாள், மறுபடி எண்ணினாள், ஃபாதிலையும் எண்ணச் சொன்னாள். ஸ்டிக்கர்கள் எட்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன. என்றைக்குமே அவளுக்குப் பெருமையாக இருக்கிற காட்சி அது. இன்று அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடை அதிகாரி திருப்பித் தர மறுத்தான். விடுமுறையில் சரக்குத் திரும்பப் போகாதாம், கம்பெனி சீட்டு வேண்டுமாம். ஃபாதில் அவனோடு வாதாடவில்லை. ஒரு தள்ளுவண்டியை இழுத்து எட்டையும் அள்ளிப்போட்டு, கல்லாவில் வரிசையில் நின்று, பையைத் திறந்து பணம் கட்டினான்.

"என் வாழ்க்கையில இப்படி ஒரு நாள் வரும்னு நினைக்கல. நானே கெஞ்சிக் கூத்தாடி வித்த சரக்கை நானே முழு விலைக்கு வாங்குறேன். கமிஷன் எனக்கு வருமா, எங்கிட்டயிருந்து போகுமா?"

ஸகியா சிரிக்கவில்லை. ஆனால் நெஞ்சில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. இன்னும் மூன்றுதான்.

கர்ஸக்கான் ஊருக்குள் வேன் போக வழியில்லை. முனையிலேயே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். கறுப்புத் துணிகளுக்குக் கீழே, ஊர்வலத்துக்காகத் துடைத்து வைத்த தெருவில் இரண்டு பேரும் நடந்தார்கள். வழிநெடுக இளைஞர்கள் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் நீட்டினார்கள். வாங்க மறுப்பது மரியாதை இல்லை. வாங்கினாள், கையில் வைத்துக்கொண்டே நடந்தாள், குடிக்கத் தோன்றவில்லை.

கோல்ட் ஸ்டோர் என்பது ஒரு அறைக் கடை. கல்லாவில் இருந்தவர் ஐம்பது வயது மலையாளி. ஊர்க்காரர்கள் அவரை 'சதீக்' என்றுதான் கூப்பிடுவார்கள், நண்பன் என்று அர்த்தம். கடையில் அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாதபடி சரக்கு அடைந்து கிடந்தது. நீல டப்பா இரண்டு இருந்தன.

"மூணாவது எங்க?" என்றாள் ஸகியா. குரல் அவளுக்கே பிடிபடாமல் உயர்ந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போச்சு. அவருக்காகத்தானே ஃபாதில்கிட்ட சொல்லி வரவழைச்சேன்."

"யாருக்காக?"

"ரெண்டு குட்டை, ஒரு இழுவை."

ஸகியா அவரை முறைத்தாள். ஃபாதில் விளக்கினான். இந்த ஊரில் யார் காரை விட்டு இறங்குகிறார்கள்? கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார்கள். சதீக் ஓடிப்போய் ஜன்னலில் கேட்டு, ரொட்டியோ மோரோ கொண்டுபோய்க் கொடுத்து, காசு வாங்கி வருவார். இருபது வருஷத்தில் அவருக்கு முகம் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. ஹார்ன் சத்தம் வரும்போதே இன்னாருக்கு இன்ன சாமான் என்று கை எடுத்துவிடும்.

"ரெண்டு தடவை சின்னதா அடிப்பாரு, மூணாவது நீளமா, அது கடைசியில கெழவன் இருமுற மாதிரி இழுக்கும். பழைய பிக்கப். அஞ்சு ரொட்டி, ஒரு மோர். போன மாசம்தான் சோயாப் பால் கேட்டாரு. பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒரு ஸ்பூன் போனாலும் உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுதாம், ஒரு தடவை ஆஸ்பத்திரியில மூணு நாள் வெச்சிருந்தாங்களாம். அந்த டப்பாவுக்கு என்னம்மா? தேதி முடிஞ்சதா?"

ஸகியா சொன்னாள். அவர் கல்லாவில் இருந்து எழுந்துவிட்டார்.

"என் கையால கொடுத்தேனே" என்றார். "என் கையாலதான் ஜன்னல்ல நீட்டினேன்."

"பேரு என்ன அவருக்கு? வீடு எங்க?"

"தெரியாதும்மா. ஹார்ன்தான் தெரியும்."

"இன்னைக்கு வருவாரா?"

அவர் தெருவைக் கைகாட்டினார். தெரு முழுக்கக் கறுப்பு. வண்டி ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு நாள் ஊருக்குள் வண்டி வராது. வந்தாலும் ஒருத்தரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். துக்க நாளில் ஹார்ன் அடிப்பதைவிடச் செருப்பைக் கழற்றி வீசுவது மேல்.

கர்ஸக்கானில் ஆயிரம் வீடாவது இருக்கும். பழைய பிக்கப் இல்லாத வீடு பாதிகூட இருக்காது. நேற்றுச் சாயங்காலம் வாங்கின டப்பா. பழைய டப்பாவில் மிச்சம் இருந்தால் இன்னும் திறந்திருக்க மாட்டார்கள். மிச்சம் இல்லாவிட்டால்? அவள் மனம் அதற்கு மேல் போகவில்லை. போக விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பொம்பளைங்க மாத்தம் எந்தப் பக்கம்?" என்றாள்.

ஃபாதில் அவள் கையைப் பிடிக்காத குறையாக மறித்தான். "உம் ஜவாத், யோசிச்சுப் பண்ணுங்க. நாதிர் வாயைத் திறக்காதேன்னு சொன்னதா நீங்கதான சொன்னீங்க. அங்க போய் மைக்ல சொன்னா மத்தியானத்துக்குள்ள மனாமா வரைக்கும் போயிடும். இந்த நாடு எவ்வளவு பெருசுன்னு நினைக்கிறீங்க? ஒரு மூலையில தும்மினா மறு மூலையில துடைச்சுக்குவாங்க."

"அதுக்குத்தான் போறேன். போயிடணும்னுதான் போறேன்."

"உங்க வேலை?"

"என் வேலையாலதானடா இது."

பிறகு மலையாளியைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க பேரு என்ன?"

அவர் ஒரு கணம் விழித்தார். "மொய்து. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா."

"நீங்களும் வாங்க, மொய்து."

பெண்கள் மாத்தத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முல்லாயா, அதாவது துக்கம் ஓதுகிற பெண், மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். தாகத்தில் தவிக்கும் குழந்தையின் கதை வரும் இடம். சுற்றிலும் பெண்கள் மார்பில் தட்டி அழுதார்கள். இந்த இடத்தில் ஓதுதலை நிறுத்தியதாக ஸகியா தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. முடியும்வரை காத்திருக்கலாம் என்று சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். ஆனால் அவள் அழுதது கதைக்காக இல்லை. பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை கொடுத்து, "எந்த ஊரும்மா?" என்று கிசுகிசுத்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றே காலைக் காட்டியது. இந்த நேரத்துக்குக் குழந்தைகள் பசித்து அழும்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. முழங்கால்களுக்கும் மடியில் தூங்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வழி பண்ணிக்கொண்டு போய் முல்லாயாவின் சட்டைக்கையை இழுத்தாள். பாட்டு அறுந்தது. முல்லாயா கோபமாகத் திரும்பினாள். ஸகியாவின் முகத்தைப் பார்த்ததும் கோபத்தை விட்டுவிட்டு மைக்கை அவள் பக்கம் சாய்த்தாள்.

"சொல்லும்மா. என்ன ஆச்சு?"

"என் பேரு ஸகியா. சித்ராவில இருந்து வரேன்" என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற வேலை எனக்கு. நான் தப்பா ஒட்டிட்டேன். சோயாப் பால்னு எழுதியிருக்கும், உள்ள மாட்டுப்பால் இருக்கு. முனைக்கடையில செவ்வாய்க்கிழமை ஒரு டப்பா வித்திருக்கு. நீல டப்பா. யார் வீட்டுல இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுத்துடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

சலசலப்பு எழுந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. "யார் வீட்டுல?" "எனக்குத் தெரியாது." "எந்தக் கம்பெனிடி அது?" என்று குரல்கள் வந்தன. பின்னால் ஒருத்தி, "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஒட்டுனா இவ?" என்று சத்தமாகவே கேட்டாள். ஸகியா தலையைக் குனிந்துகொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டிய பேச்சுதான்.

"யார் வாங்கினாங்கன்னு கடைக்காரருக்குத் தெரியாதா?" என்று முல்லாயா கேட்டாள்.

"பேர் தெரியாதாம். ஹார்ன்தான் தெரியுமாம். வெளிய நிக்கிறார்."

முல்லாயா வாசல் பக்கம் பார்த்து, "ஜன்னலைத் திறங்கடி" என்றாள்.

அன்று மொய்து பட்ட பாட்டைக் கர்ஸக்கான்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். பெண்கள் மாத்தத்தின் ஜன்னலுக்கு வெளியே, சந்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். துக்க நாளில் இதைச் செய்வதற்கு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"பீப். பீப். பீ... ஈ... ஹ்ர்ர்ர்."

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் அசையவில்லை. ஸகியா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை, மொய்து" என்றாள்.

இரண்டாவது தடவை அந்த இருமலை அவர் இன்னும் சரியாக இழுத்தார். நடு வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த கிண்ணத்தைத் தவறவிட்டு எழுந்தாள்.

"ஐயோ, அது எங்க ஹானி அண்ணன் வண்டி! நர்ஜிஸ் அண்ணி வீடு! கர்ரார்!"

அவள் செருப்புப் போடாமல் ஓடினாள். பின்னால் ஸகியா. நாற்பத்தேழு வயதில் அவள் அப்படி ஓடியதே இல்லை. அபாயா அங்கி காலில் சிக்கியது, வழியில் யாரோ நீட்டிய எலுமிச்சைச் சாறு மேலெல்லாம் கொட்டியது. மூன்று சந்து. ஒவ்வொரு சந்தும் முடியாமல் நீண்டது. யா அல்லா, திறந்திருக்கக்கூடாது, திறந்திருக்கக்கூடாது என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் இல்லை.

கதவைத் திறந்த நர்ஜிஸின் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை கர்ரார் உட்கார்ந்து ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் தடிப்பு இல்லை. ஸகியா அவனுடைய கையையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளை பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"யாரு நீங்க? என்ன மாசூமா இது, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?"

நாத்தனார் மாசூமாதான் மூச்சிரைக்கச் சொன்னாள். நர்ஜிஸ் உள்ளே போய் நீல டப்பாவை எடுத்து வந்தாள். மூடி திறந்திருந்தது. மேலிருந்து ஒரு கரண்டி எடுத்த பள்ளம் தெரிந்தது.

ஸகியா சுவரில் சாய்ந்தாள்.

"காலையில பழைய டப்பா தீந்துபோச்சு" என்றாள் நர்ஜிஸ். "இதைத் திறந்து ஒரு கரண்டி போட்டேன். வாசனை ஒரு மாதிரி இருந்துச்சு. மாட்டுப்பால் வாசனை எனக்கு நல்லாத் தெரியும். மூணு நாள் ஆஸ்பத்திரியில உக்காந்தவளாச்சே. சிங்க்ல கொட்டிட்டு வெள்ளரிக்காயைக் கையில கொடுத்தேன்."

"அல்லாதான் காப்பாத்தினான்" என்றாள் மாசூமா.

"ஆனா கேளு. அப்புறம் ஸ்டிக்கரைப் பாத்தேன். மூணு தடவை படிச்சேன். சோயான்னு தெளிவா எழுதியிருக்கு. கோணல்மாணல் இல்லாம எவ்வளவு சுத்தமா ஒட்டியிருக்காங்க, இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யறவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சு, பிள்ளையைப் பட்டினி போடுறேனேன்னு. இப்ப அடுப்புல தண்ணி வெச்சிருக்கேன். கொதிச்சதும் கலக்கலாம்னு இருந்தேன்."

உள்ளே கெட்டில் கொதிக்க ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. மாசூமா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

ஸகியா தரையில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஜிஸுக்கு அந்த மாட்டைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. மூலையில் நகத்தைக் கொடுத்தாள். வரவில்லை. மறு மூலையில் கொடுத்தாள். ஒரு குமிழ்கூட இல்லாமல், விளிம்பு தூக்காமல், அப்படிப் பிடித்திருந்தது. நகம் மடங்கி ரத்தம் கசிந்தது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் ஓரமாக ஒரு கீற்று கிழிந்து, மாட்டின் பின்னங்கால்கள் மட்டும் தெரிந்தன.

"மன்னிச்சிடும்மா" என்றாள். "நான்தான் ஒட்டினேன். நான்தான் பாக்கல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நர்ஜிஸ் அந்தப் பின்னங்கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளையை மாசூமாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தாள். ஒரு ஓட்ஸ் டப்பாவை எடுத்து வந்து ஸகியாவின் முன்னால் வைத்தாள்.

"இது நீங்க ஒட்டினதா?"

ஸகியா திருப்பிப் பார்த்தாள். அவள் அறையில் ஒட்டினதுதான். "ஆமா."

"பாத்து ஒட்டினதா?"

ஸகியா டப்பாவைக் கீழே வைத்தாள். நர்ஜிஸ் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு கூழ் மாவு டப்பா. பிறகு பழக்கூழ் பாட்டில்கள் நாலு, ஒரு சாக்லேட் டின். எல்லாவற்றிலும் நாலு வரி, எல்லாம் நேராக. வாசலில் ஃபாதிலும் மொய்துவும் வந்து நின்றிருந்தார்கள். ஃபாதிலின் கையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. "நாதிர்" என்றான் மெதுவாக. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், சனிக்கிழமை அவளுக்கு ஒரு வேலை இருந்தால்.

"நான் எழுத்துப் படிக்கிறவ" என்றாள் நர்ஜிஸ். "எழுதியிருந்தா நம்புவேன். இனிமே எதைப் பாத்து நான் இவனுக்குச் சோறு போடுறது, சொல்லுங்க?"

ஸகியா அபாயாவில் விரலைத் துடைத்துக்கொண்டாள். ஓட்ஸ் டப்பாவைக் கையில் எடுத்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அதன் மேல் என்ன படம் போட்டிருக்கிறது என்று பார்த்தாள்.

"ஊறவைக்கக் கொஞ்சம் வெந்நீர் கொண்டா, மகளே" என்றாள். "அந்தக் கெட்டில்ல இருக்கிறதே போதும்."